அம்புக்குறி காட்டிய மனை

காலை ஆறு மணி இருபது நிமிடம். திரையில் முதலில் தெரிந்தது வங்கக் கடற்கரை: மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் தரை, வலப்பக்கம் கடல். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். கரையை ஒட்டி ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் மெட்ராஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அம்பத்தூர் இல்லை, ஆவடி இல்லை, கார் நின்றுகொண்டிருந்த மண்ணூர்பேட்டையும் இல்லை. அதற்கு முந்தைய பதினெட்டு நிமிடங்கள் அந்தக் கருவி தான் அமெரிக்காவில் எங்கோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

1999 பிப்ரவரி, முதல் ஞாயிறு. கார் என்னுடையது, பதினான்கு வருடம் ஓடிய வெள்ளை அம்பாசிடர். கருவி என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து தன் அப்பாவுக்காகக் கொண்டுவந்தது. பெட்டி பிரிக்காத புதுச் சரக்கு. செயற்கைக்கோள்களைப் பிடித்துக் காருக்கு வழி காட்டும் என்றான். அவன் அப்பாவிடம் கார் கிடையாது, சைக்கிள்தான். அதனால் அது என்னிடம் வந்தது.

சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ரப்பர் உறிஞ்சியால் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்துக்கு சிகரெட் பற்றவைக்கும் துளை வேண்டும்; என் காரில் அது இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கத்து ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் அதைப் பொருத்திக் கொடுத்தார்.

"இன்னா சார் இது, ரேடியோவா?"

"வழி காட்டுற மிஷின்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் ஒயரைக் கடித்துத் தோலை உரித்துத் துப்பினார். "எத்தினி வருசமா இங்க கீற சார் நீ?"

"பதினாறு."

"செரி" என்று ஒயரை முறுக்கினார்.

அக்கா வீடு ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். அத்தான் அங்கே இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பத்தோரு வருடம். கடைசல் பட்டறையிலிருந்து வரும் இரும்புத் துண்டுகளை மைக்ரோமீட்டரால் அளந்து, சரியென்றால் பச்சை மை, தவறென்றால் சிவப்பு மை. ஒரே ஒரு அளவை நம்பி அவர் எதற்கும் மை வைத்ததில்லை. மூன்று முறை அளப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பத்தோரு வருடத்தில் ஆவடி அவர் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்கவில்லை.

ஜூன் கடைசியில் அவருக்கு ஓய்வு. ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். போவதற்கு வேறு வீடு இல்லை. வெள்ளானூரில் ஒரு மனை இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் தொழிற்சாலைக்காரர்கள் சேர்ந்து ஒரே லேஅவுட்டில் வாங்கியவற்றுள் ஒன்று. நாற்பதுக்கு அறுபது அடி. எண் அறுபத்தொன்று. சித்திரையில் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் எடுத்தால் ஆகஸ்டுக்குள் குடியேறலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அக்கா அப்போதே அட்டைப் பெட்டிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அத்தான் கல் பார்க்கப் போவார். அவர் மட்டுமல்ல, அந்த லேஅவுட்டில் மனை வாங்கிய தொழிற்சாலைக்காரர்கள் அத்தனை பேரும் போவார்கள். ஒரு கையில் பெயின்ட் டப்பா, ஒரு கையில் பிரஷ். நான்கு மூலையிலும் கல் இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, பக்கத்து மனைக்காரர் கல்லுக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெயிலில் வெளிறிய எண்ணை மறுபடி எழுதுவார்கள். பிறகு மரம் எதுவும் இல்லாத அந்த இடத்தில் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டு, பஸ் பிடித்துத் திரும்புவார்கள். கருவியைச் சோதித்துப் பார்க்க எங்கே போகலாம் என்று நான் கேட்டபோது அத்தான் யோசிக்கவே இல்லை.

"கல் பாக்கத்தான் போணும். அங்கயே போவும்."

குவார்ட்டர்ஸ் எல்லைக்குள் நுழையும்போதே கருவியைக் கழற்றச் சொல்லியிருந்தார். காரில் ஏறியதும் அதைத் துண்டில் சுற்றி டிபன் பைக்குள் வைத்தார்.

"இங்க இத ஆன் பண்ணுனீருன்னா, ஜூன்ல வர வேண்டிய ரிட்டயர்மென்ட் இன்னைக்கே வந்துரும்."

செங்குன்றம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் வெளியே எடுத்தார். இம்முறை ஆறு நிமிடத்தில் அது எங்களைக் கண்டுபிடித்தது. கடற்கரைக் கோடும் மெட்ராஸ் புள்ளியும் வந்தன. சாலை எதுவும் வரவில்லை. அக்கா மகன் சொன்ன வழிகாட்டல் அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்தும். இங்கே அதனால் முடிந்தது இரண்டு காரியம்: நாம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்வது, நாம் ஏற்கெனவே பதிந்து வைத்த இடம் எந்தத் திசையில், எத்தனை தூரத்தில் என்று ஓர் அம்புக்குறியால் காட்டுவது. காலையில் புறப்படும் முன் என் வீட்டைப் பதிந்திருந்தேன். அம்பு அதை நோக்கி நின்றது.

"எங்க கூப்பிடுது?" என்றார் அத்தான்.

"எங்க வீட்டுக்கு."

அவர் அம்பின் திசையில் தலையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒரு முள்வேலி, அதற்குப் பின்னால் தண்ணீர் நிரம்பிய பள்ளம், அதற்கு அப்பால் ஒரு செங்கல் சூளை.

"நேராவா?"

"நேரா."

"காருக்குன்னு வாங்குனானா, காக்காய்க்குன்னு வாங்குனானா?"

வெள்ளானூர் மனையில் கற்கள் நான்கும் இருந்தன. அத்தான் எண்ணை எழுதி முடித்துவிட்டு, மனையின் நடுவில் நிறுத்தியிருந்த காருக்கு வந்து திரையைப் பார்த்தார். டிகிரி, மினிட், மினிட்டுக்குப் பிறகு மூன்று தசம இலக்கம்.

"இதுக்கு லீஸ்ட் கவுன்ட் என்ன மாப்ளே?"

ஒரு கருவியால் காட்ட முடிந்த மிகச் சிறிய அளவு எது என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. அவரே கணக்குப் போட்டார். ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், ஆயிரத்து எண்ணூற்றைம்பது மீட்டர் சொச்சம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட ஆறு அடி. பெயின்ட் கறை படிந்த விரலால் உள்ளங்கையில் எழுதிப் பார்த்தார். மனைக்கு ஆறு அடி பரவாயில்லை என்ற முடிவுக்கு வந்தார். முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. மூன்று தசமம் காட்டும் எந்தக் கருவிக்கும் அவர் அந்த மரியாதையைக் கொடுப்பார்.

ஏழு நாற்பதுக்கு ஒரு ரீடிங் எடுத்து நோட்டில் எழுதினார். எட்டு மணிக்கு ஒன்று, எட்டு இருபதுக்கு ஒன்று. கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மூன்றும் வெவ்வேறாக இருந்தன.

"இந்தப் பீச நான் பாஸ் பண்ண மாட்டேன்" என்றார்.

நான் பதினொரு மணிக்குப் பத்திரிகை அலுவலகத்தில் இருக்க வேண்டும். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விபத்து நடந்த இடத்தில் மூன்று பேர் காயமடைந்தவர்களின் எண்ணிக்கையை மூன்று விதமாகச் சொன்னால், நடுவில் இருப்பதைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போவோம். மறுநாள் யாரும் கேட்பதில்லை. இருபது வருடம் அப்படித்தான் செய்திருந்தேன். அத்தானிடமும் அதையே சொன்னேன்.

"நடுவுல இருக்கறதப் பதிஞ்சிருவோம்."

"நடுவுல இருந்தா சரின்னு யாரு சொன்னா?"

"பேப்பர்ல அப்படித்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெயிலைப் பார்த்தார். நோட்டில் மூன்றாவது ரீடிங்குக்கு எதிரே 'தற்காலிகம்' என்று எழுதினார். நான் அந்த எண்ணைப் பதிந்தேன். பெயர் கேட்டது, ஆறு எழுத்துக்கு மேல் ஏற்காது. ஆங்கில எழுத்தில் 'வீடு' என்று அடித்தேன். முள்ளும் நான்கு கல்லும் இருந்த இடத்துக்குக் கருவி தானாகவே ஒரு சின்ன வீட்டுப் படம் போட்டுக்கொண்டது.

எண்ணில் இரண்டு வரி உண்டு: மேலே அட்சரேகை, கீழே தீர்க்கரேகை. நடுவில் இருக்கிறதா என்று நான் பார்த்தது மேல் வரியை மட்டும். இது பிறகு தெரிந்தது.

மார்ச்சில் எனக்கு ஞாயிறு டியூட்டி. அத்தான் பஸ்ஸில் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தார். ஏப்ரல் முதல் ஞாயிறு காரில் போனோம். லேஅவுட் முனையில் திரும்பியதும் நான் பிரேக் போட்டேன். முள் இல்லை. எதிரே செம்மண் வெறுமையாக, தட்டையாக, தூரத்தில் மின்கம்பி வரைக்கும் கிடந்தது. சாலை போடுவதற்காக வந்த புல்டோசர் இரண்டு வாரத்துக்கு முன் முள்ளை வாரியிருந்தது. முள்ளோடு கல்லையும் வாரியிருந்தது. எல்லாக் கற்களும் கிழக்கு ஓரத்தில் ஒரே குவியலாகக் கிடந்தன. குவியலைச் சுற்றிப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். 

அத்தான் குவியலில் தேடினார். பத்து நிமிடத்தில் அறுபத்தொன்று என்று தன் கையால் எழுதிய நான்கு கற்களையும் எடுத்துவிட்டார். ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து டிக்கியில் வைத்தார். கல் இருந்தது, மனை எங்கே என்று தெரியவில்லை. சர்வேயருக்கு மனு கொடுக்கலாம். தேதி கிடைப்பதற்குள் சித்திரை போய்விடும். கொத்தனாருக்குச் சொல்லி வைத்தாயிற்று. அக்காவின் அட்டைப் பெட்டிகள் கூடத்தில் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். "மிஷினப் போடும்" என்றார்.

திரையில் 'வீடு' இருநூற்றுப் பத்து மீட்டர், அம்பு தென்மேற்கே. புது மண்ணில் மெதுவாக ஓட்டினேன். நூற்று நாற்பது. எண்பது. முப்பது. பூஜ்யம் வந்த இடத்தில் ஒரு கடைக்கால் தோண்டியிருந்தது. பக்கத்தில் மணல் குவியல், அதை அடுத்து புதிதாகப் போட்ட போர்வெல் குழாய். குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லியில் மெத்தை வியாபாரம் செய்பவர் என்று பின்னால் தெரிந்தது. குழிக்குள் மேஸ்திரி நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அத்தான் காரிலிருந்து இறங்கும்போதே பேசத் தொடங்கிவிட்டார்.

"பாய், வேலய நிப்பாட்டச் சொல்லுங்க. இது என் மனை."

பாய் எழுந்தார். டீ கிளாஸை நாற்காலியில் வைத்தார். "உங்க நம்பர் இன்னா சார்?"

"அறுபத்தொண்ணு."

"இது நாப்பத்தி நாலு."

"யாரு சொன்னா?"

"பத்திரம் சொல்லுது. உங்களுதுன்னு யாரு சொன்னா?"

அத்தான் காரைக் காட்டினார். "சேட்டிலைட்டு."

பாய் வானத்தைப் பார்த்தார். மேஸ்திரியும் குழிக்குள் இருந்தபடியே பார்த்தார்.

"மேலேர்ந்து பாத்தா நம்பரு தெரியுமா நைனா?" என்றார் மேஸ்திரி. "பெயின்ட் அடிச்ச கல்லு கூட இல்லியே இப்ப."

"வே, இது அமெரிக்கா மிஷினு. மூணு டெசிமலு காட்டும்."

"காட்டட்டும். அதுக்குப் பட்டா கீதா?"

பாய் மேஸ்திரியைச் சும்மா இருக்கச் சொன்னார். பத்திரத்தின் நகலை எடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அத்தான் தன் லேஅவுட் வரைபடத்தைக் காரின் முன்பக்க மூடி மேல் விரித்தார். பன்னிரண்டு வருடம் தன் கையால் எண் எழுதியவருக்கே மனை தெரியாதா என்று கேட்டார். தெரிந்தால் மிஷின் எதற்கு என்று பாய் கேட்டார். இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் இரண்டு பேரும் சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இது பதினைந்து நிமிடம் நடந்தது. கார் நின்ற இடத்திலேயே நின்றது.

மேஸ்திரி இதற்கிடையில் குழியிலிருந்து ஏறி, கார் ஜன்னலுக்குள் தலையை விட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே" என்று அத்தானைக் கூப்பிட்டார். "இந்த அம்பு காட்ற பக்கம்தான உன் ஊடு?"

"ஆமா."

"அப்ப ஊடு மணல் மேல ஏறிட்ச்சி."

அத்தான் வந்து பார்த்தார். அம்பு மணல் குவியலைக் காட்டியது. வீடு இருபத்தாறு மீட்டர். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்தெட்டு ஆனது, பிறகு முப்பத்தொன்று. அம்பு கடிகார முள் போல நகர்ந்து போர்வெல் குழாய்க்கு நேராக வந்தது.

"இப்ப தண்ணி குடிக்கப் போவுது" என்றார் மேஸ்திரி.

பாய் சிரிக்கவில்லை. அத்தான் முகத்தைப் பார்த்ததால் இருக்கலாம்.

கையேடு டாஷ்போர்டுப் பெட்டியில் இருந்தது. பிப்ரவரியில் பன்னிரண்டாம் பக்கம் வரை படித்து, பொத்தான்கள் புரிந்ததும் மூடி வைத்திருந்தேன். இப்போது மேலே படித்தேன். பின்பகுதியில், சின்ன எழுத்தில், ஒரு பத்தி. பொதுமக்கள் பயன்படுத்தும் கருவிகளுக்கு வரும் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை சேர்க்கிறது. அதனால் காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப் போகலாம். தமிழில் சத்தமாகச் சொன்னேன்.

அத்தான் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"வேணும்னே தப்பாக் காட்டுதானுவளா?"

"ஆமா."

"தப்பாக் காட்டுறதுக்கு எதுக்கு மூணு டெசிமலு?"

கையேட்டை மூடினேன்.

அத்தான் நோட்டை எடுத்து பிப்ரவரிப் பக்கத்தைத் திறந்தார். மூன்று ரீடிங்கையும் பார்த்தார். அப்போதுதான் கீழ் வரிகளைக் காட்டி, நான் நடு எண் என்று எடுத்தது மூன்றிலும் ஓரமாக நிற்பதைச் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, இரும்புத் துண்டில் இருக்கும் குறையைச் சொல்லும் குரலில் சொன்னார். "நான் பாஸ் பண்ணிருக்கக் கூடாது" என்றார். பாயிடம் திரும்பி, "மன்னிச்சிருங்க பாய். எங்க மெஷர்மென்ட் தப்பு" என்றார். வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தார். நான்காக மடித்த பிறகு எட்டாக மடிக்க முடியாமல் கை நின்றது.

"ரிட்டயர் ஆவப் போறீங்களா?" என்று பாய் கேட்டார்.

"ஜூன்ல. ஆகஸ்டுக்குள்ள குவார்ட்டர்ஸ விடணும்."

"இங்கதான் கட்டணுமா?"

"வேற இடம் இல்ல."

பாய் தாடியைத் தடவினார். "மடிக்காதீங்க சார். இப்டி வாங்க."

குழியின் தென்கிழக்கு மூலைக்கு எங்களை அழைத்துப் போனார். மேஸ்திரி கரண்டியால் மண்ணைச் சுரண்டினார். இரண்டடி ஆழத்தில், செம்மண் சுவரில், கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. அடுப்புக்கரி.

"எங்க வாப்பா பழைய ஆளு" என்றார் பாய். "கல்லு நடறப்ப அடியில ஒரு கூடை கரி கொட்டித்தான் நடுவாரு. கல்ல எவன் வேணா புடுங்குவான், கரிய எவன் எடுத்துகினு போவான்னு சொல்வாரு. நாலு மூலையும் கெடைச்சப்புறம்தான் கடக்கால் எடுத்தோம். புல்டோசர் மேல மேலதான் சொரண்டியிருக்கு."

அத்தான் குனிந்து கரியை விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். மற்ற மூன்று மூலைகளையும் காட்டச் சொன்னார். தன் ஸ்டீல் டேப்பை எடுத்து, கரிக்குக் கரி நான்கு பக்கமும் அளந்தார். பிறகு குறுக்கு மூலைகளை அளந்தார். ஒவ்வொன்றையும் மூன்று முறை. மேஸ்திரி பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாற்பதுக்கு அறுபதில் ஒன்றரை அங்குலம் வித்தியாசம் இருந்தது.

"பாஸ்" என்றார் அத்தான்.

வரைபடத்தை மறுபடி விரித்தார். நாற்பத்து நான்கிலிருந்து அறுபத்தொன்றுக்கு வழி எளிது: வடக்கே ஒரு சாலையைத் தாண்டி, அங்கிருந்து மேற்கே மூன்றாவது மனை. டேப்பின் ஒரு முனையைப் பாய் பிடித்தார், மறுமுனையை அத்தான் பிடித்தார். நான் நோட்டில் எழுதினேன். எழுதியதை ஒவ்வொரு முறையும் வாங்கிச் சரிபார்த்தார். மேஸ்திரி நூல் கட்டினார். குவியலருகே நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் எண்களைச் சொல்லிக்கொண்டு எங்கள் பின்னால் நடந்தார்கள்.

பத்தரை மணிக்கு நான்கு மூலைகளும் கிடைத்தன. அம்பு எங்களை நிறுத்திய இடத்திலிருந்து அறுபத்தொன்றாம் மனையின் நடுவுக்கு இருநூற்றுப் பதினாறு அடி. டிக்கியிலிருந்து கற்களை இறக்கினோம். பாயின் ஆட்கள் குழி தோண்டினார்கள். முதல் கல்லை இறக்கப் போகும்போது மேஸ்திரி அத்தானைத் தடுத்தார்.

"இன்னா அவசரம்? கரி வேணாமா?"

வெள்ளானூர் டீக்கடையிலிருந்து ஒரு சாக்கு கரி வந்தது.

கருவி அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அணைக்கவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது பழைய பேட்டரியை உறிஞ்சியிருந்தது. புறப்படும்போது கார் கிளம்பவில்லை. பெயின்ட் டப்பாக்காரர்கள் ஏழு பேர், பாய், மேஸ்திரி எல்லாரும் சேர்ந்து புது மண்ணில் தள்ளினார்கள்.

"வழி காட்ற மிஷினு, மாமே" என்று மேஸ்திரி பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே யாரிடமோ சொன்னார். "வண்டிய நிறுத்திட்டு வழி காட்டுது."

சித்திரையில் கடைக்கால் எடுத்தார்கள். அதே மேஸ்திரிதான், காலையில் பாய் வீடு, மதியத்துக்கு மேல் அத்தான் வீடு. அத்தான் வேலை முடிந்து சைக்கிளில் வந்து செங்கல் வரிசைகளை அளப்பார். இரண்டு சுவர்களை இடித்து மறுபடி கட்டச் சொன்னார். ஒன்று கால் அங்குலம் சாய்ந்திருந்தது; மற்றொன்றில் என்ன குறை என்று மேஸ்திரிக்குக் கடைசி வரை தெரியவில்லை. அதில் பன்னிரண்டு நாள் போயிற்று. ஜூலையில் மழையில் நான்கு நாள் போயிற்று. அக்கா தினமும் தேதி கேட்டாள்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அத்தான் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். வெள்ளானூர் வீட்டுக்கு அன்று கூரை இருந்தது. கதவு வரவில்லை.